அரைப்புள்ளி

காலை விளக்குப் போட்டதும் கண்ணில் பட்டது.
பெரிய கோமாளி மீனின் இடப்பக்கம்,
நடுப்பட்டைக்குக் கீழே,
கறுப்பாக ஐந்து புள்ளி.
நேற்று இல்லை.
நேற்று நான் பார்க்கவில்லை என்றும் இருக்கலாம்.

தேவகோட்டை லேப் ஒன்றில்
பதினோரு வருடமாக ரத்தம் பார்க்கிறவள் நான்.
பயம் வந்தால் எண்ணத்தான் தெரியும்.
உப்பு, ஒன்று புள்ளி சுழியம் இரண்டு ஐந்து.
சூடு இருபத்தேழு.
அமோனியாவுக்குச் சொட்டு விட்ட குழாய்
மஞ்சளாகவே நின்றது.
செவுள் நிமிடத்துக்கு எண்பது.
இரை போட்டேன். வந்தது, தின்றது,
அவ்வளவுதானா என்று கண்ணாடியை முட்டியது.

ரவை தூவியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது ஒரு நோய்.
பொன்தூளாக மினுங்கினால் இன்னொன்று.
தோல் சளியாக உரிந்தால் விடிவதற்குள் முடிந்துபோகும்.
காலிஃபிளவர் போல முளைத்தால் காத்திருக்கலாம்.
இது எதிலும் சேரவில்லை.
பேனா கசிந்த சட்டைப்பைபோல.
மேடில்லை, பள்ளமில்லை.

மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.
"கடல் மீனா? கண்மாயே காஞ்சு கெடக்கிற ஊர்ல?"
அவருக்குப் பின்னால் ஒரு பசு
என்னைவிடச் சத்தமாக முறையிட்டுக்கொண்டிருந்தது.

தாமிர மருந்துப் புட்டி கையில் இருக்கிறது.
ஊற்றினால் மீனுக்கு ஒருவேளை ஆகும்.
இறாலுக்கும் கடல்சாமந்திக்கும் நாளைக்கே காரியம்.
மூடியைத் திறக்கிறேன்.
மூடுகிறேன்.

அப்போதுதான் அடைக்கப்பன் வந்தார், புள்ளி வரிக்கு.
கோயில் நோட்டு, ரசீதுக் கட்டு, முதுகெல்லாம் வியர்வை.
"எத்தனை புள்ளி ஆச்சி?"
அவருக்கே தெரியும். கேட்பது வழக்கம்.
"ஏழு" என்றேன், லென்சிலிருந்து கண்ணெடுக்காமல்.
"ஏழா?"
"காலையில அஞ்சுதான் இருந்துச்சு."

எங்களில் கட்டிய ஜோடி ஒரு புள்ளி.
ஒருவர் போனால் மிஞ்சியவர் அரை.
வெள்ளையன் போன மாசியிலிருந்து
நோட்டில் நான் அரை.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.
மூக்குக்கண்ணாடி தொட்டிக் கண்ணாடியில் இடிக்கக் குனிந்தார்.
வெகுநேரம் பார்த்துவிட்டு,
"ஒரு பக்கம் மட்டும்ல இருக்கு" என்றார்.

நிஜம்தான்.
மீன் திரும்பியது. வலப்பக்கம் துடைத்துவைத்ததுபோல.
நோய் இப்படி ஓரவஞ்சனை செய்யாது.

மூன்று வாரத்துக்கு முன்
கொளத்தூரில் வாங்கி, ராத்திரி பஸ்ஸில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன் அந்தச் சாமந்தியை.
இரண்டு வாரம் மீன் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.
இப்போது தூக்கமே அதில்தான்,
இடப்பக்கம் சாய்ந்து.
சாமந்தி என்பது பெயருக்கு. ஒவ்வொரு இதழும் சுடும்.
சுட்ட இடம் கறுக்கும்.
தோல் பழகுகிறவரைக்கும்.

"எப்பப் போகும்?"
"தெரியலை. போகாமலும் இருக்கலாம்."
"மருந்து?"
புட்டியைச் சீனி டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.

"பெருசு ஆணா?"
"பொண்ணு. அது செத்தா, கூட இருக்கிற ஆணே பொண்ணா மாறிரும்.
வேற ஒண்ணு வந்து சேரும்.
அதுங்களுக்கு அரைக்கணக்குக் கிடையாது."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன்.
நோட்டை முழங்காலில் வைத்து
'உமையாள்' என்று எழுதினார்.
அடுத்த கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
பிறகு எழுதினார், எழுதவேண்டியதை.
சில்லறைக்கு இருவரும் தேடினோம்.

ராத்திரி நீல விளக்கில்
மீன் மறுபடி சாமந்திக்குள் போகிறது.
ஒரு துடிப்பு. வெளியே வருகிறது.
மறுபடி போகிறது.
லேப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறேன்:

இடப்பக்கம் ஏழு, ஒன்று மங்கல்.
காய்ச்சல் கிடையாது, பசி உண்டு.
சிகிச்சை இல்லை.
சுடுகிற இடத்திலேயே படுக்கிறது;