உயிர் இட்டவள்

பதினோரு பாட்டு, ஒரே தட்டில்.
பிரிகேடு ரோட்டில் முப்பத்தொன்பது ரூபாய்.
டென்சில் பதினைந்து, இருதயநாதன் பத்து, நான் பத்து,
மிச்சம் நான்கை மகபூப்
நாலணாக்களாகக் கொட்டினான்.
கடைக்காரர் இரண்டு முறை எண்ணினார்.

அதுவரை அந்த ஐவர் எங்களுக்குச்
சிற்றலையில் வந்தவர்கள்.
செவ்வாய் இரவு பத்தேகால்,
காக்ஸ்டவுன் மொட்டைமாடித் துணிக்கம்பியில்
ஏரியல் கட்டிக் காத்திருப்போம்.
பாதி பாட்டு, பாதி இரைச்சல்.
பன்னிரண்டு தந்தி கிட்டார்
தகரக்கூரையில் ஆலங்கட்டியாய் விழும்,
நிற்கும்,
நடுவில் யாரோ தெரியாத மொழியில்
விளைச்சல் கணக்கு வாசிப்பார்கள்,
மறுபடி ஆலங்கட்டி.

எழுதுவது என் வேலை.
டெலிபோன் ஃபேக்டரியில் சுருக்கெழுத்து எனக்கு,
நிமிடத்துக்கு நூற்றிருபது.
அதில் எழுத்துக்கூட்டல் கிடையாது, சத்தம் போதும்.
அவசரத்தில் உயிரை விட்டுவிடுவோம்,
மெய் மட்டும் நிற்கும்.
மறுநாள் சாப்பாட்டு வேளையில்
மெய்க்கெல்லாம் உயிர் போட்டுத்
தமிழில் எழுதித் தருவேன்.
பாடுகிற இருதயநாதனுக்குத்
தமிழ்தான் வாசிக்க வரும்.

இப்போது தட்டோடு ஒரு தாள் வந்திருக்கிறது.
பதினோரு பாட்டின் வரிகளும் அச்சில்.

நான் 'போட்' என்று எழுதியது 'பெட்'டாம்.
இரண்டரை வருடமாய் நாங்கள்
படகேற்றி வழியனுப்பிய பெண்
அங்கே கட்டிலைவிட்டே எழவில்லை.
நான் 'ரெயின்' என்று நனைத்த இடமெல்லாம் 'ரன்'.
ஒரு துளி மழை இல்லை,
எவனோ ஓடியிருக்கிறான்.

மகபூப் டிரம்மில் தலை வைத்துச் சிரித்தான்.
டென்சில் சிரிக்கவில்லை.
"என் அம்மா பேசுகிற பாஷை இது,
எனக்கே கேட்கவில்லையா?" என்றான்
கிட்டாரைப் பார்த்து.

எட்டாவதுக்கு வந்தோம்.
'வார்' அல்ல, 'வேர்'.
"வேரா? மரத்து வேரா?" இருதயநாதன் கேட்டான்.
இல்லை. எங்கே, எங்கே என்று
ஒருத்தன் தன் காதலியைத் தேடுகிறான், அவ்வளவுதான்.
அந்தப் பாட்டில் போரே கிடையாது.

யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
ஊசி கடைசி வட்டத்தில்
டக், டக் என்று சுற்றிக்கொண்டிருந்தது.

அறுபத்தைந்து கிறிஸ்துமஸ்,
ரிச்சர்ட்ஸ் டவுன் ஹால்.
அந்தப் பாட்டு முடிந்ததும்
மேவிஸ் ஆன்ட்டி மேடையோரம் வந்தாள்.
சியால்கோட்டிலிருந்து மகன் திரும்பி மூன்று மாதம்.
திரும்பி என்றா சொன்னேன்?
தந்தி திரும்பியது.
இருதயநாதனின் கையைப் பிடித்து
"மறுபடி பாடு" என்றாள். பாடினான்.
அதிலிருந்து ஒவ்வொரு டான்ஸிலும்
முதல் நாற்காலி அவளுக்கு,
எட்டாவது பாட்டு அவளுக்கு.
எட்டாவதாக நாங்கள் பாடியதில்லை என்பது வேறு.
தட்டில்தான் அதற்கு எட்டு.

எங்களுக்கு மிகப் பிடித்த பாட்டோ
தட்டிலேயே இல்லை.
ஹிட் ஆகவில்லையாம்.
காக்ஸ்டவுனில் ஆனதை
யார் போய்ச் சொல்வது அவர்களுக்கு?

"இனி சரியாகத்தான் பாடணும்" என்றான் டென்சில்.
சரி என்றோம்.
புதிதாக எழுதித் தந்தேன், நீல மையில்,
கட்டில், ஓட்டம், எங்கே, எல்லாம் அச்சுப்படி.

புத்தாண்டு இரவு.
முதல் நாற்காலியில் மேவிஸ் ஆன்ட்டி,
மடியில் கைப்பை, கைப்பைமேல் இரண்டு கையும்.
அந்தச் சொல் வருவதற்கு ஒரு தாளம் முன்னால்
இருதயநாதன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் தாம்போரினைத் தட்டினேன், தேவைக்கு மேலே பலமாய்.
வ்– என்றான்.
–ர் என்றான்.
நடுவில் இருந்ததை
அவன் பாடினானா,
நான் தட்டி மூடினேனா, தெரியாது.
ஆன்ட்டியின் உதடு அசைந்தது.
உயிரை அவளே இட்டுக்கொண்டாள்.

டென்சில் அதைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
எழுபதில் பெர்த்துக்குப் போனபோது
தட்டை எடுத்துக்கொண்டான்,
அதிகம் போட்டது அவன்தானே.
தாள் என்னிடம் நின்றது.
பின்பக்கம் வெறுமையாக இருந்ததால்
அந்த வருஷத்துப் பால் கணக்கு
அதில்தான் இருக்கிறது.