ஜகதேவி அறை, இரண்டு இரவு

உனக்குத் தொண்ணூறு கிலோமீட்டர்,
எனக்கு இருநூற்றைம்பது.
"நடுவழியில் சந்திக்கலாம்" என்று
நீ சொன்ன ஊர் கிருஷ்ணகிரி.

இத்தனை வருடம் இந்த ஊர் எனக்கு
பேருந்து பத்து நிமிடம் நிற்கும் இடம்.
டீ, கழிப்பறை, ஐந்து ரூபாய்ச் சில்லறைக்கு ஒரு சண்டை,
அரைத்தூக்கத்தில் ஜன்னலை உரசிப்போகும் மொட்டைப் பாறை.
பாறைக்கு சையத் பாஷா மலை என்று பெயர்,
மேலே கோட்டை இருக்கிறது
என்று இன்றுதான் ஆட்டோக்காரர் சொன்னார்,
நான் கேட்காமலே,
இருபது ரூபாய் கூடக் கேட்பதற்குச் சற்று முன்.

பழையபேட்டைச் சந்துக்குள்
மாங்காய் மண்டிக்காரர் ஒருவர் வாழ்ந்த வீடு, இப்போது விடுதி.
பன்னிரண்டு அறை. எண் கிடையாது,
பாராமகால் கோட்டைகளின் பெயர்தான்.
"ராயக்கோட்டையில சுடுதண்ணி வரலையாம்!"
மாடியிலிருந்து ஒரு குரல்.
நமக்கு ஜகதேவி.

வரவேற்பில் ஷாஹிதா
திம்மராயனைத் தெலுங்கில் அதட்டி,
போனில் கொதித்தவரைக் கன்னடத்தில் ஆற்றி,
வாசலில் நின்ற தம்பியிடம் உருதுவில் டிபன்பாக்ஸ் வாங்கி,
அதே மூச்சில் என்னிடம்:
"சார் பின்னாடி வர்றாங்களா மேடம்?"
எனக்குத் தெரிந்த ஒரே மொழியில்
பதில் உடனே வரவில்லை.

முற்றத்தில் வாளோடு ஒரு வீரன், கல்லில்.
கும்பிடப்போனேன்.
"பழசு இல்லீங்க, போன வருஷம் அடிச்சது" என்றார் திம்மராயன்,
செடிக்குத் தண்ணீர் விட்டபடி.
"பழசு எங்க ஊரு ஏரிக்கரையில நிக்குது.
அதுக்கு லைட்டு கிடையாது."

அறைச் சுவரில் ஒரு சாண் சதுரத்தை மட்டும்
பூசாமல் விட்டு, கண்ணாடி போட்டு, பல்பு வைத்திருக்கிறார்கள்.
சுண்ணாம்பு, மேலே நீலம், காவி, மறுபடி நீலம்,
கடைசியாக ஆஸ்பத்திரிப் பச்சை ஆயில் பெயின்ட்.
ஒவ்வொன்றையும் யாரோ
ஒரு கல்யாணத்துக்கு முந்தின வாரம்
"இனி இந்த நிறம்தான்" என்று சொல்லித்தான் அடித்திருப்பார்கள்.
பல்பை அணைக்க ஸ்விட்ச் தேடினேன்.
இல்லை.

நீ வந்தபோது மணி பத்தரை.
அத்திப்பள்ளியில் நெரிசல் என்றாய்.
நான் வந்து ஏழு மணி நேரம் ஆகியிருந்தது,
நெரிசல் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

காலையில் களி உருண்டை, இருநூற்றறுபது ரூபாய்.
நீ அதைப் படம் எடுத்தாய்.
பிறகு மலை.
பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டோம்.
கீழே நெடுஞ்சாலை, லாரிகள் எறும்பாக.
எது உன் பக்கம் போகிறது, எது என் பக்கம்
என்று விரல் நீட்டிக் காட்டினாய்.
"நூற்றெழுபது, நூற்றெழுபது" என்றேன்.
"என்ன?"
"சரியான நடு. ஆம்பூர் தாண்டி வரும்."
காற்று உன் தொப்பியைத் தூக்கப் பார்த்தது, பிடித்துக்கொண்டாய்.
"அங்க இந்த மாதிரி ஹோட்டல் இருக்காதே."
"பிரியாணி இருக்கும்."
நீ சிரிக்கவில்லை. நானும்தான்.

ஞாயிறு மதியம்
பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுவாய் என்று
பையை மடியில் வைத்திருந்தேன்.
கார் சென்னைச் சாலையில் ஏறியது.
ஏன் என்று நான் கேட்கவில்லை, நீ சொல்லவில்லை.
பர்கூர் போனது.
மாந்தோப்புகள், கிரானைட் பாளங்கள், மறுபடி மாந்தோப்பு.
மீட்டரைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.
நாட்றம்பள்ளியில் பார்த்தேன்.
முப்பத்தாறு.