கணுவிடை

ஆனி முடிய முன்னம் ஊத்திப்போட வேணும் எண்டார் பிராங்கிளின்.
பனிக்கன்குளத்துக் காணியில் முப்பத்தெட்டு மாமரம்,
இரண்டு வாளி, ஓர் அளவுச் சாடி, நாங்கள் மூன்று பேர்.
அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்குக் கிண்டினோம்.
அலவாங்கு எதிலாவது டங் எண்டு பட்டால்
மூன்று பேரும் ஒருமிக்க நிமிர்ந்து
கல்தான் எண்டு கண்டு
விட்ட இடத்திலிருந்து கதையைப் பிடிப்போம்.

மருந்து, கரைத்த பால்மா மாதிரி. பெரிய மணம் இல்லை.
"மரத்துக்குள்ள நீளு நீளு எண்டு கத்துற சாறு ஒண்டு கிடக்கு.
இது அதின்ர வாயைப் பொத்தும்.
நீள விடாட்டில், பூக்கிறதைவிட அதுக்கு வேற வழியில்லை."

வழியில்லாமல் பூக்கிறது.
சோறு வடிக்கும்போதும் அது எனக்குள் கிடந்தது.

ஆவணியில் மகளின் அடிமட்டத்தால் அளந்தேன்.
ஊத்தாத வேலிக்கரை மரத்தில்
கணுவுக்கும் கணுவுக்கும் இடையில் நாலு விரல்.
ஊத்தினதில் ஒரு விரலும் வராது.
இலைகள் ஒன்றின் தோளில் ஒன்று,
காலமை மல்லாவி பஸ்ஸில் ஏறின சனம் போல.

புரட்டாதியில் பூ.
மழைக்கு முந்தி, கொழும்பு விலைக்கு முந்தி,
முப்பத்தேழு மரத்திலும் கொத்துக் கொத்தாய்.
வேலிக்கரை மரம், குத்தகைக் கணக்கில் வராதது,
செப்பு நிறத் தளிரை வானத்துக்கு எறிந்துகொண்டு
ஒரு பூவுமில்லாமல் நின்றது.

பதினாலாம் மரத்தை இன்னும் சொல்லவில்லை.
அதில் பூங்கொத்துக்குக் காம்பே இல்லை.
பொத்தின கை.
ஒன்றுக்குள் ஒன்று நெரிந்து, புழுங்கி, கறுத்தது.
பிராங்கிளின் தொப்பியைக் கழற்றினார்.
"ஆரோ இரண்டு தரம் ஊத்தியிருக்கினம்."

லோன்காரப் பெடியன் அண்டைக்குப் போன் எடுத்தவன்.
கிழமைக்காசு, வதனியக்கா, கிழமைக்காசு.
ஓம் தம்பி, ஓம் எண்டுகொண்டே ஊத்தினேன்.
சாடியை வைத்தேன். திரும்ப எடுத்து ஊத்தினேன்.

மண்ணில் இரண்டு வருசம் நிற்குமாம்.
பொத்தின வாயைத் திறக்கிற மருந்தும் இருக்காம்,
கிளிநொச்சிக் கடையில், சின்னப் போத்தல்,
என் ஐந்து நாள் கூலி.
வாங்கவில்லை. மத்தியானம் மற்றவை சாப்பிடப் போனதும்
தண்ணிதான் ஊத்தினேன், வாளி வாளியாய்.

தையில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போனது.
பதினாலை ஆரும் கேட்கவில்லை.

சித்திரை. வடக்குக் கொப்பின் நுனியில் ஒரு துளிர்.
கொப்பியில் எழுதினேன்:
பதினாலு, அரை விரல்.
பிழையாய் இருக்குமோ எண்டு
இன்னொருக்கால் அளந்தேன்.