ரசமட்டம்

மூன்று சனிக்கிழமை போயிற்று
இந்த ஒரு சுவருக்கு.

வெள்ளையே பூசலாம் என்றான் நிபால்தோ.
வெள்ளை ஆஸ்பத்திரிக்கு என்றேன்.
கடைசியில் கடுகு மஞ்சள்:
இருவருக்குமே பிடிக்காதது,
அதனால் சண்டையில்லை.

ஏழு சட்டங்கள்.
என் பழைய கப்பல் டிக்கெட், அவனுடைய பந்தயக் குதிரை,
பாதி கிழிந்த வால்பரைசோ வரைபடம்,
முன்பிருந்தவர் விட்டுப்போன பேரிக்காய் ஓவியம்...
நூல் பிடித்து, பென்சிலால் புள்ளி வைத்து,
ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை
மூச்சையும் பிடித்துக்கொண்டு
ஆணி அடித்தான்.
பேரிக்காயை மட்டும் நான் மாட்டினேன், கண்ணளவில்.

கோணல் என்றான்.
சாப்பிடும்போதும் சொன்னான்.
விளக்கணைத்த பிறகும்.

விடியுமுன் நிலம் ஒரு தரம் புரண்டு படுத்தது.
பெரிதாக ஒன்றுமில்லை. கோப்பைகளுக்குப் பல் தந்தியடித்தது,
கீழ்வீட்டு நாய் குரைக்க மறந்தது.
வாசல் நிலைக்கடியில் நின்றோம், வெறுங்காலோடு,
என் பனியனை அவன் கெட்டியாகப் பிடித்தபடி.

விளக்கைப் போட்டால்
ஆறு படங்களும் துறைமுகப் பக்கம் சாய்ந்து
பேரிக்காயோடு சேர்ந்துகொண்டிருக்கின்றன,
சொல்லிவைத்தாற்போல் ஒரே சாய்வு.

நான் வாயைத் திறக்கவில்லை.
அதற்கு நான் பட்ட பாடு
எனக்குத்தான் தெரியும்.

ரசமட்டத்தைத் தரையில் வைத்தான்.
குமிழி மலைப்பக்கம் ஓடியது.
ஜன்னல் விளிம்பில் வைத்தான்.
அங்கேயும் மலைப்பக்கம்.
குடிவந்த நாளிலிருந்தே
வீடு கடலை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது,
எங்களிடம் சொல்லாமல்.

"அப்படியே இருக்கட்டும், எடெல்மிரா."
ரசமட்டத்தை இழுப்பறையில் போட்டு மூடினான்.
இழுப்பறை
தானாகத் திறந்துகொண்டது.