ஐந்து மணிக்குள் பூட்ட வேண்டும்

புதுவயலில் என் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு,
யாரும் படிப்பதில்லை.
"அப்ளிகேசன் போடுற எடம்" என்றால்
ஆட்டோ நேராக இங்கே வந்து நிற்கும்.

ரெண்டு கம்ப்யூட்டர். ஒன்றில் 'ஈ' விழாது.
அரிசி ஆலை உமி பறந்து வந்து
கீபோர்டுக்குள் குடியிருக்கிறது.
கவிழ்த்துத் தட்டினால்
ஒரு கோழிக்குக் காலைத் தீனி.

மற்ற மாதமெல்லாம் பட்டா நகல், ஆதார் திருத்தம், கரண்ட் பில்.
கவுன்சலிங் வரும்போது மட்டும்
பன்னிரண்டு வருஷப் படிப்பை
ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு
பிள்ளைகள் வந்து நிற்கிறார்கள்.

"அண்ணே, எது நல்லாருக்கும்?" என்றான் ரெனிஸ்டன்,
ஓட்டலில் சர்வரைக் கேட்பதுபோல.
உனக்கு எது பிடிக்கும் என்றேன்.
அவன் போனில் அத்தை மகனைக் கேட்டான்.
அத்தை மகன் இன்னொருவனைக் கேட்டான்.
கடைசியில் சிங்கப்பூரிலிருந்து,
ஓடும் லாரியின் பின்பக்கத்திலிருந்து,
காற்றிரைச்சலோடு பதில் வந்தது:
"சிவில் மட்டும் வேணாண்டா."

அஸ்வியா பர்வீன் பி.காம் போதும் என்றாள்.
'போதும்' கொஞ்சம் கனமாக விழுந்தது.
ஏன் என்று கேட்டிருக்கலாம்.
அவளுக்குப் பின்னால் ஏழு பேர்.
கேட்கவில்லை.

இந்த நாட்டில்
வீட்டில் ஒருவரும் கல்லூரி பார்க்கவில்லை என்பதற்கும்
சான்றிதழ் வேண்டும்.
தாத்தா படிக்கவில்லை, கையெழுத்து.
சித்தப்பா படிக்கவில்லை, கையெழுத்து.
படிக்காதவர்களை நிரூபிக்க
மூன்று நாள் கூலியை விட்டு அலைந்து
அதை நாலாக மடித்துக் கொண்டுவந்தார் வெள்ளைக்கண்ணு,
மில்லில் மூட்டை தூக்குகிறவர்.
மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது.
ஸ்கேனர் எப்படியோ படித்துவிட்டது.

மகள் கொப்புடைநாயகி.
முழுப் பெயர் கட்டத்துக்குள் நுழைய மறுத்து
ரெண்டு முறை சிவப்பாக எரிந்தது.
வரிசையை அவர்தான் சொன்னார்:
ஒன்று காரைக்குடி. ரெண்டு காரைக்குடி.
மூன்று, எதுக்கும் இருக்கட்டும், மதுரை.
பூட்டுவதற்கு ஓடிபி வேண்டும்.
ஓடிபி அவர் போனுக்கு வரும்.
என் கடைக்குள் டவர் கிடையாது.
போனைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி
ரோட்டுக்கு இறங்கினார்.

மணி நாலு நாற்பது.

"அண்ணே," என்றாள்,
"ஜியோ இன்பர்மேட்டிக்ஸ்னு ஒண்ணு இருக்குல்ல, மெட்ராஸ்ல.
மேலேருந்து ஊரைப் பாத்து மேப் போடுறது.
அத ஒண்ணாவதா வைக்க முடியுமா?"

முடியும். ஒரு சொடுக்கு.
எனக்கு ஒருவர் அப்படித்தான் சொடுக்கினார்,
மெக்கானிக்கலில்.
பதினோரு அரியர், அதில் மூன்று இன்னும் பாக்கி.
நல்ல மனுஷன். நல்லதைத்தான் நினைத்தார்.

மவுசை அவள் பக்கம் தள்ளி வைத்துவிட்டு
பிரிண்டரில் பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.
இருந்தது.
இன்னொரு முறையும் பார்த்தேன்.

"நாலு, ஒண்ணு, ஒம்பது..."
அரந்தாங்கி பஸ்ஸின் ஹாரனில் நாலாவது எண் கரைந்தது.
உள்ளே வந்து திரும்பச் சொன்னார்.
சொல்லி முடித்ததும் திரையைப் பார்த்தார்.
எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்,
ஆனால் விடாமல் படிப்பார்.
முதல் வரியில் விரல் நின்றது.

மகள் தரையைப் பார்க்கவில்லை.

மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.
பிறகு என்னிடம்தான் கேட்டார்:
"ஹாஸ்டல்ல சோத்துக்கு மாசம் எவ்வளவு தம்பி?"
தேடிச் சொன்னேன்.
என் பேனாவை வாங்கி
உள்ளங்கையில் எழுதிக்கொண்டார், காய்ப்பு இல்லாத இடமாகப் பார்த்து.
அதற்குக் கீழே ஒரு கோடு போட்டு
ஏதோ கழித்தார்.
விடையை எனக்குக் காட்டவில்லை.

"சரி. பூட்டுங்க."

நாலு ஐம்பத்தாறு.
ஐம்பது ரூபாய் கொடுத்தார்.
பேனாவைக் கொடுக்க மறந்துவிட்டார்.
அடுத்த பையன் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டிருந்தான்:
"அண்ணே, எது நல்லாருக்கும்?"