நான்கு விநாடி

ஆகஸ்ட் கடைசி சனிக்கிழமை.
வான்ஸ்ப்ரோவில் என் சாசேஜ் கடைக்கு எதிரே
பெட்ரோல் பங்கின் காலி மைதானம்
மதியத்துக்கே நிரம்பிவிட்டது.

மெல்கர் வருகிறானாம்.
இருபத்து மூன்று வயது.
துருப்பிடித்த வோல்வோ ஒன்றுக்கு ஊதா வண்ணம் அடித்ததைப்
பதினேழு பகுதிகளாகப் படம்பிடித்துப் போட்டவன்.
அவனைப் பார்க்கப்
பதினைந்து வயதுப் பிள்ளைகள்
முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தார்கள்,
அதற்குமேல் போகச் சட்டம் விடாத வண்டிகளில்,
முதுகில் சிவப்பு முக்கோணம் மாட்டி,
நெடுஞ்சாலை முழுவதையும்
வால்போல இழுத்துக்கொண்டு.

எண்பது கிலோமீட்டரை
மூன்று மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள் தின்ட்ரா.
பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடிக்கவில்லையா என்றேன்.
"வாழ்த்துகிறார்கள் என்று வைத்துக்கொண்டேன்."
கடுகுச் சாறு கூடுதலாகக் கேட்டாள்.
கொடுத்தேன்.

மைதான ஓரத்தில் பெரியவர்கள்
கை கட்டி, வேலிக் கம்பங்களாக.
ரோலண்ட், பெங்ட்-ஓலா, இன்னும் இருவர்.
டெனிம் சட்டை. பொத்தானுக்கு எட்டாத வயிறு.
"நாம் வண்டிக்கு அடியில் கிடந்தோம்.
இவன் வண்டிக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டுகிறான்."
"கார்புரேட்டர் எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாரேன்."
"கையெழுத்தாம்! பானெட்டில் கையெழுத்தாம்!"
காபிக்குக் காசு ஒரு முறை,
கோப்பை நீட்டியது ஐந்து முறை.

எனக்கு நாற்பத்தொன்பது.
எந்தப் பக்கமும் சேராத வயது,
கல்லாவுக்குப் பின்னால் நிற்க ஏற்ற வயது.

எண்பத்து நான்கில்
இதே ரோலண்ட் தன் பச்சை செவர்லேயில்
ஆளுக்கு மேல் ஆள் ஏற்றி
ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தபோது
என் அப்பா ஜன்னல் திரையை இழுத்து மூடினார்.
உருப்படாததுகள் என்றார்.
கார்ப் பத்திரிகை ஒன்றுக்கு
வண்டியின் படத்தை அனுப்பிவிட்டு
எட்டு மாதம் தபால்காரரை வழிமறித்தார் ரோலண்ட்.
வந்தது.
முப்பத்தோராம் பக்கம், கீழ் மூலை,
தீப்பெட்டி அளவில்.
பதினோரு பிரதி வாங்கினார்.
அப்போது இந்தக் கல்லாவில் இருந்தது என் அம்மா.
அந்த மாதம் ஊரில் வேறு யாருக்கும்
பத்திரிகை கிடைக்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.
காபி ஊற்றினேன்.

நாலரைக்கு வந்தான் மெல்கர்.
படத்தில் பார்த்ததைவிடக் குள்ளம்.
ஜலதோஷம் வேறு.
ஒவ்வொரு வண்டியின் பெயரையும் கேட்டான்,
ஆம், பிள்ளைகள் வண்டிக்குப் பெயர் வைத்திருந்தார்கள்,
தும்மினான், மன்னிப்புக் கேட்டான்,
அடுத்த வண்டிக்குப் போனான்.
தின்ட்ராவின் முறை வந்தபோது
மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்த பேச்சு
அவள் தொண்டையிலேயே நின்றுவிட்டது.
அவன் அவசரப்படவில்லை. காத்திருந்தான்.
அதைக் கல்லாவிலிருந்து பார்த்தேன்.

பிறகு ஓரத்துக்கு வந்தான்.
பச்சை செவர்லேயை ஒரு சுற்றுச் சுற்றினான்.
"படம் எடுக்கலாமா?"
"இடம் எல்லாருக்கும் பொது" என்றார் ரோலண்ட்,
வேறெங்கோ பார்த்தபடி.

செவ்வாய்க்கிழமை, கடையில் ஈ காக்கை இல்லாத நேரம்,
ரோலண்ட் வந்தார்.
தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டார்.
"அந்தச் சளிப் பையன்
ஏதோ போட்டிருக்கிறானாமே."

போனைக் கல்லாமேல் வைத்தேன்.
கண்ணாடியைத் தேடி மாட்டினார்.
பச்சை செவர்லே, நான்கு விநாடி.
பின்னால் அவர்,
புளித்த பாலைக் குடித்த முகத்தோடு.

"எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?"
"மூன்று லட்சத்துச் சொச்சம்."
மூக்கால் ஒரு சத்தம்.
"பம்பரைத் துடைத்திருக்கலாம்."
பிறகு,
"இன்னொரு தடவை போடு."

போட்டேன். போட்டேன்.
அடுப்பில் சாசேஜ் ஒன்று வெடித்தது,
போய்த் திருப்பிவிட்டு வந்தேன்.
அவர் இன்னும் குனிந்தே இருந்தார்.

"இதைக் காகிதத்தில் எடுக்க முடியுமா, அன்னெலி?
பெரிதாக வேண்டாம்,
இவ்வளவு போதும்"
என்று விரல்களால் காட்டினார்,
ஒரு தீப்பெட்டி.