நாலாயிரம் ஹெர்ட்ஸ்

"எப்ப வருது?" என்றார் இனாயத் பாய்.
மழைக்கு மறுநாள் காலையில் மட்டும் என்றால்
அது துரு, ரெண்டு மிதியில் போய்விடும்.
ரிவர்ஸில் வருதா? திருப்பும்போது வருதா?
மிதித்தால் வருதா, விட்டால் வருதா?

நானும் இப்படித்தான் கேட்பேன்
ஆஸ்பத்திரியில், கண்ணாடி அறைக்கு வெளியே உட்கார்ந்து:
இரைச்சலா, விசிலா,
ஒரு காதிலா, ரெண்டிலுமா,
ராத்திரியில் அதிகமா.

மிதித்தால் வருகிறது என்றேன்.
மெல்லத் தொட்டாலே.
கீச் என்று சொன்னால் குருவி ஞாபகம் வரும்,
இது குருவி இல்லை,
தகரத்தில் ஆணி.

அவரே ஓட்டினார், நான் பக்கத்தில்.
கண்ணாடிகளை இறக்கச் சொன்னார்.
தொரப்பாடியில் ஜெயில் சுவரை ஒட்டியே போனோம்.
சுவர் சத்தத்தைத் திருப்பித் தரும்,
எந்தப் பக்கம் என்று காட்டிக்கொடுத்துவிடும்.
பத்தடிக்கு ஒரு தடவை மிதித்தார்.
சுவரில் பட்டு அது என் இடது காதில் பாய்ந்தது.
நிழலில் படுத்திருந்த ஆடு தலையைத் தூக்கியது.
"இப்ப?" என்றார்.
"இப்ப வந்துச்சே."
"வந்துச்சா?"
இன்னொரு தடவை மிதித்தார்.
என் முகத்தைப் பார்த்தார்.
"ஆமா ஆமா, லேசா கேக்குது."

லேசாக இல்லை.

அப்போதுதான் அவர் காதைப் பார்த்தேன்.
இருபத்தாறு வருஷம் சுத்தியல், கம்ப்ரசர்,
நட்டுக் கழற்றும் துப்பாக்கி.
அந்தக் கோடு என் தாளில் எப்படி வரும் என்று தெரியும்:
ஒழுங்காக நடந்து வந்து
நாலாயிரத்தில் கிணற்றில் விழும்,
அப்புறம் கொஞ்சம் கரையேறும்.
லாரி கேட்கும், பாங்கு கேட்கும்,
கடன்காரன் குரல் நன்றாகவே கேட்கும்.
குருவி கேட்காது.
என் பிரேக்கும்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஷெட்டில் ஜாக்கி போட்டு இடது முன்சக்கரத்தைத் தூக்கினார்.
கழற்றுவதற்கு முன்னால்
டயரில் உள்ளங்கையை வைத்துச் சுற்றினார், கண்ணை மூடி.
"இங்க பிடிக்குது. இங்க விடுது.
இங்க பிடிக்குது."
குனிந்து காதைக் கொண்டுபோனேன்.
எனக்கு எதுவும் கேட்கவில்லை.

காலிப்பர் பின் இறுகிப் போயிருந்தது.
வெளிப்பக்க பேட் முக்கால்வாசி அப்படியே,
சக்கர இடுக்கில் எட்டிப் பார்த்தால் தெரிவது அதுதான்.
உள்பக்கத்து பேட் அப்பளம்.
அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு தகட்டு நாக்கு,
பேட் தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே
கம்பெனி வைத்தது.
"இத்தினி நாளா இதான் கத்தினுகீது மேடம்."
நகத்தால் அதைச் சுண்டினார்.
தன் காதருகே கொண்டுபோய் இன்னொரு தடவை.
பிறகு என்னிடம் நீட்டினார்.

பேட் செட்டு, கிரீஸ், கூலி, ஆயிரத்து எண்ணூறு.
பில்லின் பின்பக்கம் என் அறை எண்ணை எழுதிக் கொடுத்தேன்.
"எனக்கு இன்னா? நல்லாத்தானே கீறேன்."
"சும்மா. சர்வீஸ் மாதிரி."
சிரித்தார். வரமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து,
இஸ்திரி மடிப்புக் கலையாத ஜிப்பாவில் வந்தார்.
நகக்கண்ணில் மட்டும் கறுப்பு.
ஹெட்போனை மாட்டிப் பொத்தானைக் கையில் கொடுத்தேன்.
கேட்டால் அழுத்துங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும்.
ஐந்நூறு, அழுத்தினார்.
ஆயிரம், அழுத்தினார்.
ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் யோசித்தார்.
நாலாயிரத்தை நாற்பதில் வைத்தேன்.
ஐம்பதில்.
அறுபதில்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டயலிலிருந்து கையை எடுத்தேன்.
எந்தச் சத்தமும் அனுப்பவில்லை.

அவர் கட்டைவிரல் மெல்ல இறங்கியது.
மேஜைமேல் பச்சை விளக்கு எரிந்தது.